எல்லாம் செய்தாயிற்று

“செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயிற்று, அதற்கு மேல் நம் கையில் என்ன இருக்கிறது?” என்று சாவு வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. கேட்பவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். நானும் பல வீடுகளில் ஆட்டியிருக்கிறேன். 2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்த வாக்கியத்தை நானே சொல்லும்படி நேர்ந்தது. அன்று முதல் அது எனக்கு ஆறுதலாக இல்லை. கேள்வியாகத்தான் இருந்து வருகிறது.

என் பெரியப்பா மகன் புதுச்சேரியில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்காரர். காலில் வந்த ஒரு புண்ணை அலட்சியம் செய்தார். கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது. இரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகங்கள் ஓய்ந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடந்தார். அவர் மகன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணை மணந்து பாரீசுக்குப் போனவன். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. டெலிபோனில் அழுதான். “சித்தப்பா, எதையும் விட்டுடாதீங்க. பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க.”

இரண்டாம் நாள் இரவு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். இளம் பெண். இரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு குழலின் வழியாக ஓடவிட்டு, சுத்தப்படுத்தி, மறுபடியும் உடம்புக்குள் செலுத்துகிற சிகிச்சை ஒன்று இருப்பதாகச் சொன்னார். அந்தக் குழலுக்கு ஆகும் செலவில் அண்ணன் பல மாதம் குடும்பம் நடத்தியிருப்பார். “இதனால பிழைப்பார்னு நான் சொல்ல முடியாது சார். அதுக்குச் சரியான நிரூபணம் இல்லை. நீங்க விரும்பினா செய்யலாம்” என்றார்.

குழலுக்குள் இருப்பவை நுண்துளைகள் நிறைந்த சின்னஞ்சிறு மணிகள். இரத்தத்தில் வரும் சில பொருள்கள் அவற்றின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. ரசாயனப் பாடத்தில் இதைப் பரப்புக் கவர்தல் என்பார்கள். தத்துவம் பழையதுதான். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் அதன் வழியில் வந்ததுதான். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1831-ல், துவேரி என்ற பிரெஞ்சு மருந்தாளர், நம் எட்டிக் கொட்டையில் இருக்கிற ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சைக் கொல்லும் அளவுக்கும் மேலாக எடுத்து, கரித்தூளோடு கலந்து, வைத்திய அறிஞர்களின் சபையிலே விழுங்கிக் காட்டினார். நஞ்சு கரியில் ஒட்டிக்கொண்டது, மனிதர் பிழைத்தார். 1964-ல் கிரீஸ் நாட்டு டாக்டர் யாட்சிடிஸ் இரத்தத்தையே கரியின் ஊடே செலுத்திப் பார்த்தார். அந்தக் கரி நஞ்சோடு சேர்த்து, இரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணுக்களையும் பிடித்து வைத்துக்கொண்டது.

இங்கேதான் எனக்குச் சிந்தனை தட்டுகிறது. எட்டியின் நஞ்சு வெளியிலிருந்து வந்த அந்நியன். அதை விரட்டினால் வீடு சுத்தம். அண்ணனின் இரத்தத்திலோ, கிருமியை எதிர்ப்பதற்கென்று உடம்பே அனுப்பிய சைட்டோகைன்கள் என்ற பொருள்கள் அளவு மீறிப் பெருகி, உடம்பையே அழித்துக்கொண்டிருந்தன. காவலாளும் அவையே, கலகக்காரனும் அவையே. மணிகளுக்கு இந்த வேற்றுமை தெரியாது. சிகிச்சைக்காக ஏற்றுகிற ஆன்டிபயாடிக் மருந்துகளில் சிலவற்றைக்கூட அவை பிடித்துக்கொள்ளும்.

கொரோனாக் காலத்தில், 2020-ல், இந்தக் குழலை நம் நாட்டில் அவசரத்துக்குப் பயன்படுத்த அனுமதித்தார்கள். ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்து டாக்டர்கள் செயற்கை நுரையீரல் பொருத்தப்பட்ட முப்பத்து நான்கு கொரோனா நோயாளிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இதைச் செய்தார்கள். முப்பது நாள் கழித்து, குழல் வைக்காத பதினேழு பேரில் பதின்மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். வைத்த பதினேழு பேரில் மூன்றே பேர். 2021-ல் இந்த முடிவு வெளிவந்தது. சிறிய ஆய்வு, இது ஒன்றைக்கொண்டு தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. சில நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் தேறுவதைப் பார்த்த டாக்டர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். ஆனால், ‘கெட்டதை எடுத்துவிட்டால் நல்லது தானாக வரும்’ என்ற நம் நம்பிக்கையை அது உலுக்குகிறது.

இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றிரவு கேட்டது ஒரே கேள்விதான். “உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்கம்மா?”

அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எனக்கும் செய்யத்தான் தோணும் சார். அதனாலதான் சொந்தக்காரங்களுக்கு நாங்க வைத்தியம் பார்க்கிறதில்லை.”

நான் கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாள் விடியலில் அண்ணன் போய்விட்டார். “எல்லாம் செஞ்சாச்சுப்பா” என்று பாரீசுக்குச் சொன்னேன். அவன் ஆறுதல் அடைந்தான்.

யாருக்காகக் கையெழுத்துப் போட்டேன்? நோயாளிக்காக என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பேனாவைப் பிடித்தபோது என் மனத்தில் இருந்தவர்கள் பாரீசில் இருந்த பையனும், நாளைக்குப் பேசப்போகிற தெருவும்தான். ‘நூற்றில் ஒரு பங்கு நம்பிக்கை இருந்தாலும் விடலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பணம் போனது பற்றியும் எனக்கு வருத்தமில்லை. டாக்டர் தம் சந்தேகத்தை ஒளிக்காமல் என் கையில் கொடுத்தார். அதைக் கேட்கும் உரிமை என்னைவிட அதிகமாக உள்ளவர்கள் இருவர்: மகனும் மனைவியும். அவர்களிடம் நான் நம்பிக்கையை மட்டும் கொடுத்து, சந்தேகத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன். அன்பு என்று எண்ணித்தான் அப்படிச் செய்தேன். உண்மையில் அது அவர்கள் முடிவை நான் எடுத்துக்கொண்டதுதான்.

குழல் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணி வராந்தாவிலிருந்து எழுந்து வந்து, “தம்பி, உள்ளே போய் அவரு கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு இருக்கட்டுமா? டாக்டர்கிட்ட கேளுங்களேன்” என்றார்கள்.

“மெஷின் ஓடுது அண்ணி, அப்புறம் பார்க்கலாம்” என்று சொன்னேன். டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண் மறுத்திருக்க மாட்டார் என்றே இப்போது தோன்றுகிறது.

எல்லாம் செய்தாயிற்று என்று நான் சொன்னேனே, அந்த ‘எல்லாம்’ என்பதில் இது சேரவில்லை.