வாங்குபவர் யார்?

2024 மே 30 முதல் அமெரிக்க வணிகத்துறை துப்பாக்கி ஏற்றுமதியை இறுக்கிற்று. 36 நாடுகளில் அரசு சாராதவர்க்கு விற்க அனுமதி கிடைப்பது அரிதாயிற்று. நான்காண்டு உரிமம் ஓராண்டாகச் சுருங்கிற்று. அந்நாடுகளின் இறக்குமதியாளர்களும், குற்றமறியா வேட்டைக்காரர்களும் கையைப் பிசைந்தனர். 2025இல் அவ்விதி நீக்கப்பட்டது.

சட்டம் வழிவிட்டதும் விற்பவரின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வெறுத்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

எல்லோரையும் சந்தேகிப்பது அநீதி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தாமதத்தால் வரும் நஷ்டத்தை ஈடு செய்யலாம். தவறான கைக்குப் போன துப்பாக்கி பறித்த உயிரை ஈடு செய்ய முடியுமா? ஆகவே, சட்டம் கேட்காவிட்டாலும், வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார் என்று விசாரித்து விற்பதே அமானிதம் பேணுவதாகும் என்போம்.