ஓடுகிற விசுவாசியும் அதிகாலை ஜெபமும்



 இந்த மாதம் வழக்கமான தேவசெய்திக்குப் பதிலாக, சபைக்குள்ளே எழும்பியிருக்கிற ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு விதமாகப் போய்ச் சேரும். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

நம்முடைய சகோதரர் ஒருவர், வெடி ஆபீஸில் போர்மேன் வேலை பார்க்கிறவர், வயது நாற்பத்தைந்து. சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகு ஓட ஆரம்பித்தார். பதினாலு மாதத்தில் 94 கிலோவிலிருந்து 81 கிலோவுக்கு வந்திருக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவர் ஓடுகிற நேரம் காலை ஐந்து மணி. நம்முடைய அதிகாலை ஜெபமும் ஐந்து மணி. சபையின் மூத்த ஐயா ஒருவர் என்னிடத்தில் வந்து, "சரீரத்தைக் கரைக்க ஓடுறவரு ஆத்துமாவுக்கு எப்ப பாஸ்டர் ஓடப் போறாரு?" என்று கேட்டார். ஐயா கோபத்தில் கேட்கவில்லை, பாரத்தோடு கேட்டார். ஆகவே பாரத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஐயா ஆதாரமாகக் காட்டியது 1 தீமோத்தேயு 4:8. சரீரத்தைப் பழக்குவதால் வரும் பலன் கொஞ்சம், தேவபக்தியின் பலனோ இந்த ஜீவனுக்கும் வரப்போகிற ஜீவனுக்கும் உரியது என்பது அந்த வசனத்தின் கருத்து. அங்கே சரீர முயற்சிக்குப் பவுல் போட்ட கிரேக்க வார்த்தை 'கிம்னாசியா'. இன்றைக்கு சிவகாசியில் போர்டு மாட்டியிருக்கிற 'ஜிம்' என்கிற வார்த்தைக்கு அதுதான் பாட்டன். சரி, கொஞ்சம் என்றுதான் அப்போஸ்தலன் சொல்லுகிறார், ஒன்றுமில்லை என்று சொல்லவில்லையே! இரண்டையும் தராசில் வைத்து எது கனம் என்று காட்டுகிறார், ஒன்றைத் தூக்கிக் குப்பையில் போடவில்லை. பத்து ரூபாய் ஆயிரம் ரூபாயைவிடக் கொஞ்சம்தான், அதற்காக யாராவது பத்து ரூபாயைத் தெருவில் வீசுகிறோமா?

இதே பவுல்தான் கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்கி ஊழியம் செய்தார் (அப்போஸ்தலர் 18:11). அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியன் விளையாட்டுக்கள் நடக்கும். ஜெயித்தவனுக்கு வாடிப்போகிற இலைகளால் ஒரு கிரீடம், அவ்வளவுதான். அதைக் கண்ட ஜனங்களுக்குத்தான் 1 கொரிந்தியர் 9-ம் அதிகாரத்தில் ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் வைத்து இச்சையடக்கத்தைப் போதிக்கிறார். அங்கே தன் சரீரத்தை ஒடுக்குவதாகச் சொல்லுமிடத்தில் வருகிற மூல வார்த்தைக்கு, கண்ணுக்குக் கீழே குத்துவது என்று அர்த்தம். சரீரத்தின்மேல் அக்கறை இல்லாதவன் பேசுகிற பேச்சா இது? பவுல் நடக்கவும் அஞ்சாதவர். துரோவாவிலிருந்து ஆசோவுக்கு மற்றவர்கள் எல்லாரும் கப்பலில் போக, அவர் ஒருவர் மட்டும் தரைவழியாய் நடந்து போனார் (அப்போஸ்தலர் 20:13). முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத வழி அது.

இன்னொரு வசனத்தையும் சரியாகப் பார்த்துவிடுவோம். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிற 1 கொரிந்தியர் 6:19. பீடி, சிகரெட், தொந்தி எல்லாவற்றுக்கும் இதையே பிரசங்கத்தில் எடுத்துவிடுகிறோம். அந்தப் பகுதி வேசித்தனத்தைக் குறித்து எழுதப்பட்டது, இதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அதன் அடியில் இருக்கிற சத்தியம் பெரியது. இந்தச் சரீரம் எனக்குச் சொந்தம் இல்லை, கிரயத்துக்கு வாங்கப்பட்டது. வாங்கினவருடைய பொருளை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்கிற கேள்வி தட்டுக்கும் பொருந்தும், டம்ளருக்கும் பொருந்தும்.

தானியேலைக் காட்டி உடம்பு குறைக்கச் சொல்லுகிறவர்கள் உண்டு. தானியேல் முதலாம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள். பத்து நாள் பருப்பும் தண்ணீரும் சாப்பிட்ட பிள்ளைகள் ராஜாவின் போஜனம் சாப்பிட்டவர்களைவிட சதைப்பிடிப்பாகத்தான் காணப்பட்டார்கள்! உடம்பு குறைக்க ஆதாரம் வேண்டுமானால் ஏலியின் வீட்டுக்குப் போக வேண்டும். காணிக்கையின் முதன்மையான பாகத்தைத் தின்று கொழுத்த வீடு அது (1 சாமுவேல் 2:29). பிற்பாடு ஏலி மல்லாக்க விழுந்து பிடரி முறிந்து சாகிறபோது, அவர் கிழவர் என்பதோடு உடல் பாரித்தவர் என்பதையும் வேதம் எழுதி வைத்திருக்கிறது. ஊழியக்காரர்கள் எல்லாரும் அந்த இடத்தை மெதுவாக வாசிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாஸ்டருக்குத் தொந்தி இல்லையென்றால் சபை சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிற ஜனங்கள் இருக்கிறார்கள்! உடம்பு இளைத்தாலோ, "என்ன பிரதர், எதுவும் வியாதியா?" என்று காதோடு காதாகக் கேட்பார்கள். அந்தப் போர்மேன் சகோதரருக்கும் இது நடந்தது.

"இயேசு சுகம் கொடுக்கிறவர் ஆச்சே, அப்புறம் எதுக்கு ஓட்டம்?" என்று கேட்கிற விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. தெய்வீக சுகத்தை நான் முழு நிச்சயமாய் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசுநாட்களில் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த கர்த்தர், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டவும் ஏசாயாவைக் கொண்டு சொன்னார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் அடையும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. யோர்தானுக்குப் போய் ஏழு தரம் முழுகின பிறகுதான் நாகமானுக்குத் தோல் மாறினது. எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் உபதேசம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவைத்து, மறுபடியும் சாப்பிடச் சொல்லி, அதன்பிறகு ஓரேபுக்கு நாற்பது நாள் நடக்க விட்டான்.

நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடி பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தபோது சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வர வேண்டிய நிலைமை இருந்தது. அந்த வருஷம் சுகாதார மந்திரியான மா. சுப்பிரமணியன் அவர்களே பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். 2004-ல் ஒரு விபத்தில் அவர் கால் மூட்டு மோசமாக அடிபட்டது. 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்தவர், ஐம்பது வயதுக்கு மேல் நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்து, 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை நூறு தடவைக்கு மேல் ஓடி முடித்திருக்கிறார். இது அரசியல் இல்லை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் என்ன ஓட்டம் என்று சொல்லுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 80 கிலோ உள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் செலவாவது ஏறக்குறைய 80 கலோரி. ஐந்து கிலோமீட்டருக்கு 400. விருதுநகர் எண்ணெய் புரோட்டா இரண்டு சாப்பிட்டால் அது திரும்பி வந்துவிடும், சால்னா தனி. ஆகவே உடம்பைக் குறைக்கிறது பெரும்பாலும் வாய்தான், கால் இல்லை. ஓட்டம் இருதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. 'ஓடிவிட்டேன், இனி சாப்பிடலாம்' என்பது மட்டும், கிருபை இருக்கிறது பாவம் செய்யலாம் என்று ரோமாபுரியில் சிலர் பேசின பேச்சு மாதிரி.

வாய் என்றவுடன் வீடு சந்திப்பு ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு நாளில் ஆறு வீட்டுக்கு ஜெபிக்கப் போனால் ஆறு டீ, ஆறு தட்டு சாத்தூர் சேவு. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற ஒரு விதவைத் தாயார், நான் உள்ளே நுழைந்ததும் பையனைக் கடைக்கு ஓடவிட்டுக் கலர் வாங்கி வரச் சொல்லுவார்கள். அந்தக் காசு அவர்களுடைய கூலியில் எத்தனை மணி நேரம்? வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும், குடித்தால் சர்க்கரை. சுகாதாரமா, அன்பா? இதற்குப் பொதுவான சட்டம் எனக்குத் தெரியவில்லை. வசதியுள்ள வீடுகளில் நான் தைரியமாக மறுக்கிறேன். அந்தத் தாயார் வீட்டில் குடிக்கிறேன். அன்று ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுகிறேன். இதை மாய்மாலம் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும்.

உபவாசத்தைக் குறித்து நான் கண்டிப்பாயிருக்கிறேன். உடம்பு குறைய வேண்டும் என்று பட்டினி கிடந்தால் அதற்குப் பத்தியம் என்று பேர். அதைச் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் இருபத்தொரு நாள் உபவாச ஜெபத்தில் பேர் கொடுத்துவிட்டு, உள்ளத்துக்குள்ளே எடை மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் போட வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுந்தால் அதை அபிஷேகம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்ளுவார்கள்.

இனி எனக்கு மிகவும் கடினமாக இருந்த கேள்வி. இதைக் கேட்டது ஐயா அல்ல, ஒரு சகோதரி. 2021 பிப்ரவரி 12-ம் தேதி நமக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மரித்தார்கள். அந்த நாளை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. "கரிக்கட்டையா வாரி எடுத்த ஊர்ல, கொழுப்பைக் கரைக்க ஒருத்தர் ஓடுறது ஒரு விஷயமா பாஸ்டர்? இது காசு உள்ளவங்க கவலை இல்லையா?" என்று அந்தச் சகோதரி கேட்டார்கள்.

நான் பல நாள் இதை ஜெபத்தில் வைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது இதுதான். ஏழையின் சரீரம் மலிவு என்று இந்த மண் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உழைக்கிறவரைக்கும் உழைக்கட்டும், போனால் போகட்டும், வேறு ஆள் வரும் என்பது உலகத்தின் கணக்கு. நாமும் 'சரீரம்தானே, மண்ணுக்குப் போகிறது' என்று பக்தியாகப் பேசினால், அந்தக் கணக்குக்கு நாமே சபையிலிருந்து ஆமென் சொல்லுகிறோம். நம்முடைய விசுவாசம் ஆத்துமா தப்பித்துப் போவதோடு முடிகிறது இல்லையே! சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசிக்கிறோம். உயிர்த்தெழுந்த கர்த்தர் கையிலும் விலாவிலும் காயத்தோடுதான் வந்தார், மீனும் சாப்பிட்டார். எழுப்பப்படப் போகிற ஒன்று மலிவான சரக்கு அல்ல. வெடியில் போகிற உயிருக்காக அழுகிற நாம், சர்க்கரையில் காலை இழந்து, சிறுநீரகம் போய், ஐம்பது வயதில் அடக்கமாகிறவர்களையும் எண்ண வேண்டும். அந்தச் சாவு பேப்பரில் வராது, அதற்கு நிவாரணத்தொகையும் கிடையாது. அந்தச் சகோதரிக்கு இது முழுப் பதில் என்று நான் சொல்லவில்லை. ஆலையில் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பதும் நம் கடமை, ஓடுவது அதற்குப் பதிலாகாது.

காசு உள்ளவர் கவலை என்று அவர்கள் சொன்னதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. புருஷன் காலையில் ஓடுகிறார். அவருக்குத் தனியாகக் குதிரைவாலிச் சோறு, தனியாகக் காய் யார் செய்கிறது? காலையில் கம்பெனி பஸ் பிடிக்கிற மனைவிதான் நாலு மணிக்கு எழுந்து செய்கிறாள். பகல் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழாய் சுருட்டுகிறவளுக்கு முதுகு வலி, மூட்டு வலி. அவளுக்கு ஓட நேரம் எங்கே, ஓடினால் தெரு சும்மா இருக்குமா? ஓடுகிற சகோதரர்களே, வாரத்தில் மூன்று நாள் நீங்கள் அடுப்பில் நில்லுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் நடக்கட்டும். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. சபையின் தாய்மார்கள் நாலைந்து பேராய்ச் சேர்ந்து நடந்தால் யாரும் கேலி பேச மாட்டார்கள்.

ஒரு எச்சரிப்பும் உண்டு. ஓடுகிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஒரு மயக்கம் வரும். போனில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம், யார் முந்தினது என்றே பேச்சு இருக்கும். மாரத்தான் போட்டிகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் வைக்கிறார்கள். எரிக் லிடலை நம் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் விலகி, 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அவரைப் பற்றி எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அடுத்த வருஷமே மிஷனெரியாகச் சீனாவுக்குப் போய், 1945-ல் ஜப்பானியருடைய சிறைமுகாமில் மரித்தது. பதக்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தெரிந்த மனுஷன். நம் சபையார் ஞாயிறு ஆராதனையை விட்டுப் போட்டிக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன்.

அதிகாலை ஜெபத்துக்கு வருவோம். சகோதரர் என்னிடம், "ஓடிக்கிட்டே ஜெபம் பண்றேன் பாஸ்டர்" என்றார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மூச்சு வாங்குகிறவன் பெரும்பாலும் மூச்சுக்காகத்தான் ஜெபிப்பான். ஆனால் வேலை முடிந்து இருட்டின பிறகு ஓடச் சொல்லவும் முடியாது, சாத்தூர் ரோட்டில் லாரி வருகிற வேகம் உங்களுக்கே தெரியும். ஆகவே செவ்வாய், வியாழன், சனி அவர் ஓடட்டும். திங்கள், புதன், வெள்ளி ஜெபத்தில் இருக்கட்டும். ஐயாவும் இதற்குச் சம்மதித்துவிட்டார். சம்மதித்ததோடு, சனிக்கிழமை தானும் மெதுவாக நடக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது.

வருகிற சனிக்கிழமையிலிருந்து காலை ஐந்து மணிக்கு ஜெபவீட்டு வாசலில் கூடி, ஐந்து நிமிஷம் ஜெபித்துவிட்டுக் கிளம்புவோம். ஓடுகிறவர்கள் ஓடலாம், நடக்கிறவர்கள் நடக்கலாம். வெள்ளைச் சட்டை போடுங்கள், டார்ச் கொண்டுவாருங்கள். வண்டி எதிரே வருகிற பக்கமாகவே ஓரமாய்ப் போக வேண்டும். நெஞ்சுவலி, பிரஷர் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய் இதற்கு உதவாது, அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.