பெயரைக் காப்பதும் அறமே

ஆள்மாறாட்ட மோசடி மற்றத் திருட்டுகளைப் போன்றதன்று. மாடு களவுபோனால் தொழுவம் வெறுமையாகும். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் களவுபோனாலோ அவை உரியவரிடமே இருக்கும். அவர் கொடுக்காத வாக்கு மட்டும் அவர் பெயரில் நடமாடும். வாங்காத கடனுக்கு அவர் கடனாளியாவார். இங்கே பறிபோவது எது, ஏமாந்தவருக்குப் பழியில் பங்குண்டா, தற்காத்துக்கொள்வது கடமையா என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அங்கே துண்டு முறை இருந்தது. தொழிலாளர் தோட்டம் மாறும்போது அவர்கள் பேரிலுள்ள கடன் ஒரு சீட்டில் எழுதப்பட்டது; புதிய தோட்டம் அதைச் செலுத்தி ஆட்களைப் பெற்றது. கணக்கு, ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த பெரிய கங்காணி வழியாக நடந்ததால், எழுத்தறியாதவர் தம் பேரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சரிபார்க்க வழியில்லை. பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இத்தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியவர்களின் குடியுரிமைக்கு 2003இல்தான் சட்டம் முழு வழி திறந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் தோட்டப் பதிவேட்டில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டதால் ஊழியர் சேமலாப நிதி பெற அலைந்தவர்களும் உண்டு.

பறிபோவது எது என்ற கேள்விக்குப் பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலம் விடை தருகிறது. இரண்டாம் சீலம் கொடுக்கப்படாததை எடுப்பதை விலக்குகிறது. நான்காம் சீலம் பொய்யுரையை விலக்குகிறது. மோசடி இரண்டையும் ஒருசேர மீறுகிறது. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் கொடை ஆகாது; ஒருமுறை மட்டும் செல்லும் கடவு இலக்கமான ஓ.டி.பி.யை உரியவரே வாய்விட்டுச் சொன்னாலும் அது களவே.

நிலைத்த 'நான்' இல்லை என்று பௌத்தம் சொல்லும்போது, பெயரைக் காப்பது வெறும் பற்றாகிவிடாதா என்று கேட்கலாம். சைவ சித்தாந்தத்தின் நோக்கு இங்கே உதவும். உடலும் கருவிகளும் உயிர் அல்ல; உயிரைப் பிணித்த மலம் என்னும் அழுக்கு நீங்க இறைவன் தந்தவை. அந்த வரிசையில் பெயரையும் வைத்துப் பார்த்தால், அது அடைக்கலப் பொருள். அடைக்கலம் காப்பது பற்று ஆகாது.

ஏமாந்தவரின் பழியைப் பற்றி நினைக்க, நுவரெலியாவை அடுத்த சீதா எலியவில் கோயில் கொண்ட சீதையின் கதையே போதும். இராவணன் துறவி வேடத்தில் வந்தான். துறவியை உபசரிப்பது அவளது அறம். அந்த அறத்தையே அவன் வாசலாக்கினான். வங்கி அதிகாரியாகவோ வெளிநாட்டு வேலை முகவராகவோ பேசுபவனும் அதையே செய்கிறான். பழி வேடமிட்டவனுடையது. ஏமாந்தவரைக் கேலி செய்யும் ஊரில் அவர் வெட்கப்பட்டு வாய் மூடுவார்; கள்வனுக்கு அடுத்த வீடும் எளிதாகும்.

பழி இல்லை என்பதால் கடமை இல்லாமல் போகாது. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் ஆராயாமல் நம்புவதையும், நம்பியபின் ஐயுறுவதையும் ஒருங்கே கண்டிக்கிறது. ஆராய்தல் நம்பிக்கைக்குப் பகை அல்ல, அதன் முதற்படி. ஓ.டி.பி., இரகசிய இலக்கம் இரண்டையும் யார் கேட்டாலும் சொல்லாதிருப்பது, அழைப்பைத் துண்டித்து வங்கியின் சொந்த இலக்கத்துக்குத் தாமே பேசுவது, அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கே நோக்கத்தையும் திகதியையும் எழுதிக் கொடுப்பது, பிறருக்காகத் தம் பெயரில் சிம் வாங்காதிருப்பது, குழுக் கடனில் பத்திரத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்பே ஒப்பமிடுவது ஆகியவை அந்த ஆராய்தலின் இன்றைய வடிவங்கள். மோசடி நடந்துவிட்டால் வங்கிக்கும் பொலிசுக்கும் உடனே அறிவிப்பதும் இதில் அடங்கும். தாமதம் அடுத்தவரையும் பாதிக்கும்.

கடமை தனிமனிதரோடு முடிவதில்லை. பிறர் பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கும் தோட்ட அலுவலகமும் வங்கியும் கடன் நிறுவனமும் அதே அடைக்கலத்தை ஏற்றவை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்பொறுப்பைச் சட்டமொழியில் வைக்கிறது. தன் கணக்கைத் தானே பார்க்க முடியாமல் ஒரு தலைமுறை கடன்பட்ட மண்ணில், பதிவை உரியவருக்குக் காட்டுவதும் பிழையைத் திருத்துவதும் சலுகை அல்ல, நீதி.