தலைக்கு எவ்வளவு?

பாங்காக் கிராண்ட் பேலஸில் தாய்லாந்துக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டவருக்கு 500 பாத். நம்ம பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரும். டிக்கெட் வரிசையில் யாராவது ஒருத்தர் இது பாகுபாடு என்று முணுமுணுப்பார். நாம் முணுமுணுக்க முடியாது. மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அதிலும் ஒரு வேடிக்கை: சார்க், பிம்ஸ்டெக் நாட்டவர்களுக்கும் அங்கே 40 ரூபாய்தான். பிம்ஸ்டெக்கில் தாய்லாந்தும் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து வருகிறவர் கடற்கரைக் கோயிலை நம்ம விலையில் பார்த்துவிட்டுப் போகலாம்.

இந்த இரட்டை விலை தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. தன் ஊர் அரண்மனையைப் பார்க்க அந்த ஊர்க் கூலித் தொழிலாளி ஏன் காசு கட்ட வேண்டும்? ஆனால் அந்தக் கவுண்டர் பார்ப்பது பாஸ்போர்ட்டை மட்டும்தான். பாங்காக் கோடீஸ்வரர் சும்மா போவார். எங்கள் திருப்பூர் நண்பன் 500 பாத் எடுத்து வைக்கணும்.

நாங்கள் நாலு பேர். கல்லூரி விடுதியில் ஒரே அறை. அப்போது நாலு பேர் பாக்கெட்டும் ஒரே மாதிரி காலி. இப்போது இரண்டு பேர் ஐடி, நான் சுமார், திருப்பூர்க்காரன் பனியன் கம்பெனியில் வேலை. தங்கச்சி படிப்பும் வீட்டு வாடகையும் அவன் தலையில். 2023 நவம்பரில் தாய்லாந்துக்கு விசா வேண்டாம் என்று ஆனதும், கல்லூரிக் காலத்தில் பேசிக்கொண்டே இருந்த ட்ரிப்புக்குக் கிளம்பிவிட்டோம். காவ்சான் ரோடு பக்கம் எட்டுக் கட்டில் போட்ட டார்மிட்டரி. எல்லாச் செலவும் ஒரு ஆப்பில் ஏறும், நாலால் வகுபடும். அதைவிட நியாயமாக எதுவும் இருக்க முடியாது என்பதுபோல அந்த ஆப் தசம புள்ளிவரை கணக்கு காட்டும்.

அரண்மனை வாசலில் அவன், "நீங்க போய்ட்டு வாங்கடா, எனக்குக் கால் வலிக்குது" என்றான். கால் வலி எதற்கென்று நாலு பேருக்கும் தெரியும். "உன் டிக்கெட்ட நாங்க மூணு பேரும் போட்டுக்கறோம் மச்சி" என்றான் ஒருத்தன். நல்ல மனசோடு சொன்னதுதான். அதற்கு அவன் சொன்னது: "வேணாம் மச்சி. இப்ப நான் உங்ககூட வந்தவன். அப்புறம் நீங்க கூட்டிட்டு வந்தவன் ஆயிடுவேன்."

அரிஸ்டாட்டில் 'நிகோமாக்கிய அறவியல்' நூலில் நீதியையும் நட்பையும் பிரித்துப் பார்க்கிறார். பங்கீட்டு நீதியில் அவரவர் தகுதிக்கேற்ற விகிதம்தான் முதலில் வரும். நட்பில் தலைகீழ், அளவில் சமமாக இருப்பதே முதலில், விகிதம் அதற்குப் பிறகு. இடைவெளி ரொம்பப் பெரிதானால் நட்பே நிற்காது என்றும் சொல்கிறார். அந்த இடைவெளிகளில் அவர் செல்வத்தையும் சேர்க்கிறார். எங்கள் சிக்கல் எனக்குப் பிடிபட்டது அங்கேதான். நாலால் வகுத்தால் அவனுக்குக் கஷ்டம். சம்பள விகிதத்தில் வகுத்தால் கணக்கு நியாயமாகும், ஆனால் அவன் சமமானவனாக இருக்க மாட்டான். இரண்டில் எது பெரிய இழப்பு என்று சொல்லும் உரிமை அவனுக்குத்தான் இருக்கிறது. அவன் சொல்லியும் விட்டான்.

ஆள் பார்த்து விலை சொல்வது பாங்காக்கில் டுக்டுக் டிரைவர்தான். மீட்டர் கிடையாது. முகம், ஷூ, தோளில் தொங்கும் பை எல்லாம் ஒரு பார்வையில் எடை போட்டு ஒரு தொகை சொல்வார். அதை ஏமாற்று என்கிறோம். சென்னை ஆட்டோவில் வளர்ந்த நமக்கு அதில் பெரிய அதிர்ச்சியும் இல்லை. ஆனால் அந்த ஊரில் எங்கள் பாக்கெட்டைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவர்தானே! அவர் யோசித்தது எங்களுக்காக இல்லை என்பது வேறு விஷயம்.

பேக்பேக்கிங் என்பதே சிக்கனத்தை ஸ்டைலாக வைத்துக்கொள்வது. நடைபாதைக் கடையில் பேட் தாய், பொதுக் குளியலறை, துவைக்காத டீஷர்ட். பிரச்சினை இவற்றில் வருவதில்லை, "ஒரு நாள்தானேடா" என்பதில்தான் வருகிறது. மொட்டைமாடி பாரில் ஒரு கிளாஸ், எங்கள் ஒரு ராத்திரிக் கட்டில் வாடகையைத் தாண்டியது. எங்கள் சிக்கனம் இஷ்டப்பட்டபோது கழற்றி வைக்கிற சட்டை. அவனால் கழற்ற முடியாது.

மறுநாள் ஸேன் ஸேப் கால்வாய்ப் படகில் போனோம். தூரத்துக்கு ஏற்ற கட்டணம், ஆளுக்கு இருபது பாத்துக்குள். தலையில் ஹெல்மெட், காலுக்குக் கீழே படகின் விளிம்பு மட்டும். அப்படி நடந்துகொண்டே டிக்கெட் கிழிக்கிறார்கள். எதிர்ப் படகு வந்தால் அழுக்குத் தண்ணீர் தெறிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தவர் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையைத் தூக்க வேண்டும். ஓரத்தில் அவன்தான். அன்றைக்கு யாரும் ஆப்பைத் திறக்கவில்லை. வகுத்தாலும் ஒன்றுதான், வகுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

பில் வந்த பிறகு எப்படிப் பிரிப்பது என்று யோசிப்பதே தாமதம் என்று இப்போது நினைக்கிறேன். நாலு பேருக்கும் ஒரே கனமாக இருக்கும் செலவை மட்டும் திட்டத்தில் வைத்தால், நாலால் வகுப்பதே போதும். அடுத்த ட்ரிப் ஹனோய். ஆளுக்கொரு சீட்டில் பெயர் போடாமல் தொகை எழுதுவோம், நாலில் குறைந்ததுதான் பட்ஜெட் என்று சொல்லியிருக்கிறேன். ஐடிக்காரன் ஒருத்தன் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப நான் ராத்திரி பகலா சம்பாதிக்கறது எதுக்குடா?" என்கிறான். அவனும் வீட்டுக் கடனை அடைத்து முடித்தது போன வருஷம்தான்.