சதையி யழற்சியும் சுண்டெலியின் வலியும்

உண்ட உணவைச் செரிப்பித்தற்குச் சுரக்கும் நீர், தன்னைச் சுரந்த உறுப்பையே செரிக்கத் தொடங்குமாயின் அதுவே சதையியின் கடிய அழற்சியாம். இவ்வுண்மையைப் பிறாக் நகரத்து ஹான்ஸ் கியாரி என்பார் 1896இல் எடுத்துரைத்தார். அதற்கு நாற்பதாண்டு முன்னரே, 1856இல், பிரான்சு தேசத்துக் குளோட் பேர்ணாட் நாயின் சதையிக்கானுட் பித்தத்தையும் ஒலிவெண்ணெயையும் செலுத்தி இந்நோயை உண்டாக்கிக் காட்டினார்.

இக்காலத்தார் பெரிதுங் கையாளும் வழி 1977இல் எலிகளிடத்து விளக்கப்பட்டது. அவுஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலிற் கண்டறியப்பட்ட செருலின் என்னும் பொருளை மணிக்கொரு முறையாக 7 முதல் 10 முறை வரை சுண்டெலிக்கு ஊசிவழி ஏற்றுவர். சுரப்பைத் தூண்டும் அப்பொருள் அளவிறந்தவழிச் சுரப்புத் தடைப்படும். செரிப்பு நொதியங்கள் கலத்தினுள்ளேயே தொழிற்படத் தொடங்கும். சில மணி நேரத்திற் சதையி வீங்கும். இவ்வுயிர்களாலன்றி இத்துணை நுட்பம் நமக்குப் புலப்பட்டிராது. அதனை மறுத்தல் நேர்மையன்று.

ஆயினும், எலியிடத்துப் பயன்றந்த மருந்துகள் பல மனிதரிடத்துப் பயன்றரவில்லை. நோயின் வேரை அறுக்கும் மருந்து இன்றுமில்லை. நீரேற்றலும் வலிதணித்தலும் உணவூட்டலுமே சிகிச்சையாகும். காரணமொன்று வெளிப்படை. எலிக்கு நோயை உண்டாக்குமுன்னரே மருந்து கொடுத்துச் சோதிப்பாருளர். மனிதனோ வலி தாங்கமாட்டாத பின்னரே ஆசுபத்திரியை நாடுகின்றான். அவனுக்கு அந்நோயைத் தந்தனவும் பெரும்பாலும் பித்தக்கல்லும் மதுவுமேயன்றித் தவளைத்தோற் பொருளன்று.

எலி மனிதனை ஒத்ததாதலின் சோதனை பயன்படுமென்பர். ஒவ்வாததாதலின் அதன் துன்பம் பெரிதன்றென்பர். இவ்விரண்டும் ஒருவர் வாயினின்றே வருதல் வியப்பே. சதையி ஒக்கும், கலம் ஒக்கும், நொதியமும் ஒக்கும். முதுகுவரை ஊடுருவும் அவ்வலி மாத்திரம் ஒவ்வாது போமோ? வலிநீக்கும் மருந்து அழற்சியின் போக்கை மாற்றுமென்றஞ்சி அதனைக் கொடாது விடுவாருமுளர். அவரஞ்சுவது கணக்குப் பிழைக்குமென்றே.

இங்கிலாந்தில் இரசலும் பேர்ச்சும் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர்: உயிரில்லாத வழியை நாடல், உயிர்களின் தொகையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். நன்றே. எனினும் அவற்றுக்கு முன்னர் வைக்கற்பாலதொரு வினா உண்டென்பது நம் துணிபு: இச்சோதனை நோயாளனுடைய கேள்விக்கு விடை தருமோ? தாராதெனின், மனிதர் நலத்தையே பெரிதெனக் கொள்வார் கணக்கின்படியும் அவ்வெலியின் வலிக்கு ஈடில்லை.

காலையிற் கொல்லாமையும் பிற்பகலில் உடற்றொழிலியலுங் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம், “அவ்வெலி என்ன பிழை செய்தது?” என்று மாணாக்கன் வினாவுங்கால், மனிதர் பொருட்டென்று விரைந்து கூறி மேற்செல்லல் தகாது. மருந்து நோய்க்கு முன்னர்க் கொடுக்கப்பட்டதோ பின்னர்க் கொடுக்கப்பட்டதோ என்று கேட்க அவனைப் பழக்குவோமாக.