இலாபம் தராவிட்டாலும் நியாயம் நியாயமே

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். பட்டியலில் இல்லாத பொது நிறுவனங்களும், செலுத்தப்பட்ட மூலதனம் 100 கோடி ரூபாயையோ விற்றுமுதல் 300 கோடி ரூபாயையோ எட்டிவிட்டால் இதற்குக் கட்டுப்பட்டவையே. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பல நிறுவனங்கள் தேடலை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டன. முதலாளி குடும்பத்து மனைவியும் மகளும் இயக்குநர்கள் ஆனார்கள். பிறகு நிறுவன நிர்வாகம் குறித்து ஆராய்ந்த கோட்டக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, முதல் 500 நிறுவனங்கள் 2019 ஏப்ரலுக்குள்ளும், முதல் 1,000 நிறுவனங்கள் 2020 ஏப்ரலுக்குள்ளும் ஒரு பெண்ணைச் சுயேச்சை இயக்குநராக அமர்த்த வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விதித்தது. சட்டம் போட்டு இடம் வாங்கித் தருவது அறமாகுமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

ஆம் என்பவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் இலாபம். பெண்கள் இருக்கும் குழு நன்றாக முடிவெடுக்கும், பங்கின் விலை உயரும் என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கும் இந்த வாதம் உறுதியற்றது. இயக்குநர் குழுக்களில் ஒவ்வொரு பாலினத்துக்கும் சுமார் 40 விழுக்காடு இடம் வேண்டும் என்று நார்வே 2003-இல் சட்டம் இயற்றியது. 2008-க்குள் இணங்காத நிறுவனத்தைக் கலைத்துவிடவும் அதில் வழி இருந்தது. அதனால் நிறுவனங்களின் சந்தை மதிப்பு சரிந்தது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை மறுத்தார்கள். ஆய்வின் முடிவு மாறும்போதெல்லாம் நியாயமும் மாறுமா? ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த குழுக்கள் நிறுவனங்களை மூழ்கடித்த காலங்களில், ஆண்களுக்கு அங்கே இடம் தரலாமா என்று எவரும் ஆய்வு நடத்தவில்லை. ஒரு சாராரிடம் மட்டும் இலாபச் சான்றிதழ் கேட்பதே பாரபட்சத்தின் அடையாளம்.

ஒதுக்கீட்டின் நியாயத்துக்கு அடிப்படை அதிகாரத்தில் இருக்கிறது. நிர்வாக இயக்குநரை அமர்த்துவதும் நீக்குவதும், எந்த ஊரில் ஆலை திறப்பது, எதை மூடுவது என்று தீர்மானிப்பதும் இயக்குநர் குழுதான். பங்குதாரர்களின் நலனோடு ஊழியர்கள், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் இயக்குநர் காக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 166-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியானால் அந்த நாற்காலி தனிச்சொத்து அல்ல, பொறுப்பு. இந்தியத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களின் இரவுப் பணி, விடுதி, கூலி ஆகியவற்றைத் தொடும் முடிவுகள் பெண்களே இல்லாத அறையில் எடுக்கப்படுவது, முடிவு சரியாகவே அமைந்தாலும், முறையால் தவறு. பெண் இயக்குநர் பெண்களுக்காக மட்டும் பேச வேண்டும் என்பது இதன் பொருளன்று. பலரை ஆளும் அதிகாரத்துக்குச் செல்லும் வாயில், பிறப்பின் காரணமாகப் பாதிப் பேருக்கு அடைபட்டிருக்கக் கூடாது என்பதே.

தகுதி கெட்டுவிடும் என்பது முதல் மறுப்பு. இதுவரை தகுதிதான் அளக்கப்பட்டது என்று இது எண்ணிக்கொள்கிறது. தகப்பனுக்குப் பின் மகன், நண்பருக்கு நண்பர் என்று நிரம்பிய இடங்களுக்கு எந்தத் தேர்வும் நடந்ததில்லை. நார்வேயில் ஒதுக்கீட்டுக்குப் பின் வந்த பெண்கள், முன்பிருந்த பெண் இயக்குநர்களைவிடக் கூடுதல் தகுதி உடையவர்கள் என்று அந்நாட்டுத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டார்கள். ஆளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தேடத்தான் மனம் இல்லை. இடம் இழக்கும் ஆணுக்கு அநீதி என்பதும் நிற்காது. இயக்குநர் பதவியில் யாருக்கும் முன்னுரிமைப் பட்டா கிடையாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஏற்கெனவே வசதியும் படிப்பும் உள்ள சில நூறு பெண்களுக்குத்தானே இது பயன்படுகிறது? தகுதியை ஆராய்ந்த அதே நார்வே ஆய்வு, மேலே பெண்கள் வந்ததால் அந்நிறுவனங்களின் கீழ்ப்படிகளில் இருந்த பெண்களின் நிலை உயர்ந்ததாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. மேல்தளத்து ஒதுக்கீடு ஏணிக்கு மாற்றாகாது. இந்தியாவில் 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. ஆனால் விடுப்புக் காலச் சம்பளம் பெரும்பாலும் முதலாளி தலையிலேயே விழுவதால், இளம்பெண்ணை வேலைக்கு எடுப்பதையே செலவாகக் கருதும் மனப்போக்குக்கு இடம் இருக்கிறது. விடுப்பு முடிந்து எத்தனை பேர் திரும்பினார்கள், எந்தப் படியில் நின்றுபோனார்கள் என்று இயக்குநர் குழுதான் கேட்க வேண்டும். ஆயினும் ஒரு சீர்திருத்தம் எல்லாவற்றையும் சாதிக்கவில்லை என்பது அதைக் கைவிடக் காரணமாகாது. அடுத்த சீர்திருத்தம் தேவை என்பதற்கே அது சான்று.

நம் சட்டத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ‘குறைந்தது ஒருவர்’ என்பதைப் பல நிறுவனங்கள் ‘ஒருவர் போதும்’ என்று படித்துக்கொண்டன. பத்துப் பேர் நடுவில் தனியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் மறுப்பை எளிதில் ஒதுக்கிவிடலாம். மூவரின் மறுப்பை அப்படி ஒதுக்குவது கடினம். ஆகவே இந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காக உயர வேண்டும்; முதலாளி குடும்பத்தினரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதுவரை பங்குதாரர்கள் கையிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பில் இயக்குநர் நியமனத் தீர்மானம் வரும்போது, இவரை எங்கே தேடினீர்கள், வேறு யாரைப் பரிசீலித்தீர்கள் என்று கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.