நேரான கை எது?

வன்னிப் பெருநிலப்பரப்பு கரப்பந்தும் உதைபந்தும் ஓங்கிய மண். எனினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும், காலபோக அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நிற்கும் வெளிகளில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடப்படாத ஊரைக் காண்பது அரிது. அந்த ஆட்டங்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றுண்டு. "அவன் பந்து வீசவில்லை, எறிகிறான்" என்பர் ஒரு சாரார். "இல்லை, அவனுடைய கையே அப்படி" என்பர் மறுசாரார். வாக்குவாதம் முற்றி ஆட்டம் நின்றுபோவதும் உண்டு. வரம்பில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் முதியவர்களோ, தங்கள் காலத்துப் பந்துவீச்சு எத்துணை ஒழுங்காக இருந்தது, இன்று அது எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று பெருமூச்சு விடுவர்.

இதனைச் சிறுவர் சண்டை என்றோ கிழவர் புலம்பல் என்றோ ஒதுக்கிவிடுவதற்கில்லை. இவ்வழக்கின் அடியில் மனித வாழ்வு முழுவதையும் தொடும் கேள்வி ஒன்று கிடக்கின்றது. ஒரு செயல் முறையானது, மற்றொன்று முறையற்றது என்று வகுத்தவர் யார்? நமக்குப் பழக்கமில்லாத ஒன்றைக் கண்டதும் அதனைத் தவறு என்று தீர்ப்பளிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? பந்துவீச்சு மாறிவந்த வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால் இக்கேள்விக்கு விடை காணலாம்.

இன்று நாம் இயல்பானது என்று கருதும் பந்துவீச்சு, தோளுக்கு மேலே கையைச் சுழற்றி வீசுவதாகும். ஆனால் ஆங்கில நாட்டில் இந்த ஆட்டம் உருப்பெற்ற காலத்தில் இப்படி வீசுவதே குற்றம். கையை இடுப்புக்குக் கீழே வைத்து வீசுவதுதான் அன்றைய நேர்மை. 1822-ஆம் ஆண்டு லோர்ட்ஸ் மைதானத்தில் ஜோன் வில்ஸ் என்பவர் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வீசினார். நடுவர் அதனை முறையற்ற பந்து என அறிவித்தார். வில்ஸ் சினந்து மைதானத்தை விட்டே வெளியேறினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1835-இல், தோள்மட்டம் வரை கையை உயர்த்தலாம் என்று சட்டம் இசைந்தது. 1862-இல் எட்கர் வில்ஷர் என்ற தொழில்முறைப் பந்துவீச்சாளர் தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோனார். நடுவர் ஆறு முறை தொடர்ந்து அவரது பந்தை மறுத்தார். அவருடன் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் களத்தைத் துறந்தனர். மறுநாள் வேறொரு நடுவரைக் கொண்டே ஆட்டம் தொடர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1864-இல், அந்த வீச்சும் சட்டமாயிற்று.

நேற்றைய குற்றம் இன்றைய சட்டமானதை இங்கே காண்கின்றோம். வானத்திலிருந்து இறங்கிவந்த விதி எதுவும் இதில் இல்லை. மனிதர் வகுத்தனர், மனிதரே மாற்றினர். அப்படியானால், வகுத்தவர் எத்தகைய மனிதர் என்று கேட்பது நியாயமன்றோ?

இங்கிலாந்தில் கனவான்களுக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இடையே 1806 முதல் 1962 வரை போட்டிகள் நடைபெற்றன. கனவான்கள் என்போர் பொழுதுபோக்காக ஆடியவர்கள். மற்றவர்கள் கூலிக்கு ஆடியவர்கள். இரு சாராருக்கும் உடைமாற்றும் அறை வேறு. களத்தினுள் இறங்கும் வாயில் வேறு. பெயரை அச்சிடும் முறைகூட வேறு. துடுப்பைப் பிடித்து அழகு காட்டும் பேறு பெரும்பாலும் கனவானுக்கு வாய்த்தது. வெயிலில் ஓடி ஓடிப் பந்து வீசும் பாரம் பெரும்பாலும் கூலிக்காரன் தோளில் விழுந்தது. சட்டம் செய்யும் கழகத்திலோ கனவான்களே வீற்றிருந்தனர். உழைப்பவன் ஒருவன், உழைப்பின் முறையை விதிப்பவன் வேறொருவன் என்ற ஏற்பாடு ஆலைகளில் மட்டுமன்றிப் புல்தரையிலும் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் கொடுமையை ஹரோல்ட் லார்வூட்டின் கதையைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே வேலை செய்தவர் அவர். 1932-33-இல் இங்கிலாந்து அணி அவுஸ்திரேலியாவுக்குச் சென்றபோது, அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின், பிராட்மனை அடக்குவதற்காகத் துடுப்பாட்டக்காரரின் உடலை நோக்கி எகிறும் பந்துகளை வீசுமாறு பணித்தார். லார்வூட் பணியைச் செய்தார். இங்கிலாந்து வென்றது. இரு நாடுகளுக்கிடையே பெரும் பகைமை மூண்டது. பின்னர் மன்னிப்புக் கேட்குமாறு வற்புறுத்தப்பட்டவர் யார்? பணித்தவரல்லர், வீசிய தொழிலாளி. அவர் மறுத்தார். அதன்பின் இங்கிலாந்துக்காக அவர் ஒரு டெஸ்ட் போட்டியிலும் ஆடவில்லை. ஜார்டினோ அடுத்த பருவத்தில் இந்தியாவுக்கு வந்த அணிக்குத் தலைமை தாங்கினார். எய்தவன் இருக்க அம்பை நோகும் வழக்கம் நம் பழமொழியில் மட்டும் உள்ளதன்று.

இங்கிலாந்தில் வர்க்கம் செய்ததை இந்தியாவில் சாதி செய்தது. தோல் தொழில் செய்யும் சாதியிற் பிறந்த பல்வங்கர் பாலு, பூனாவில் வெள்ளையர் கழகத்தின் மைதானத்தைப் பராமரித்துக்கொண்டே, அவர்களது பயிற்சிக்குப் பந்து வீசி வீசிச் சுழற்பந்தில் தேர்ந்தவர். 1911-இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவரது கைச் சுழற்சி இந்து அணிக்கு வேண்டியிருந்தது. ஆனால் அவருக்குத் தேநீர் தனிக் கோப்பையில், கட்டடத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டது. அணித்தலைமை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. கையின் உழைப்பைப் பெற்றுக்கொண்டு, கைக்குரியவனைத் தள்ளிவைத்த சமுதாயம் அது.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு நமது காலத்துக்கு வருவோம். 1995 டிசம்பர் 26-ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில், கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனின் பந்தை நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை முறையற்றதென அறிவித்தார். அந்நாட்களில், ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த இலட்சக்கணக்கான மக்களில் பெருந்தொகையினர் தென்மராட்சியிலும் வன்னியிலும் தஞ்சமடைந்திருந்தனர். மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்ட காலம் அது. ஆயினும் உலகின் கண்முன்னே ஒரு மனிதன் "நீ எறிபவன்" என்று திரும்பத் திரும்பச் சுட்டப்பட்டது எத்தகைய அவமானம் என்பதை விளங்கிக்கொள்ள, அத்தகைய மக்களுக்கு விரிவுரை வேண்டியதில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மடிந்த கையால் வீசுவதைச் சட்டம் தடுக்கவில்லை. பந்தை விடும் வேளையில், மடிந்திருந்த முழங்கையை நிமிர்த்துவதையே அது தடுக்கின்றது. முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. மடிந்தபடியே சுழலும் அந்தக் கையைக் கண்ட விழிகள், அது நிமிர்வதாக எண்ணிக்கொண்டன. 1999-இல் அடிலெய்டில் மற்றொரு நடுவர், றொஸ் எமர்சன், மீண்டும் அவரது பந்தை மறுத்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் ஆட்டக்காரர்களை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்று நின்றார். லார்வூட்டுக்குக் கிடைக்காத தலைவர் முரளிதரனுக்குக் கிடைத்தார். 2004-இலோ அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே அவரை எறிபவர் என்று வெளிப்படையாகக் கூறினார். ஒரு நாட்டின் பிரதமர் ஒரு மனிதனின் முழங்கையைப் பற்றித் தீர்ப்பளிக்கும் அளவுக்கு விவகாரம் வளர்ந்திருந்தது!

முடிவில் கண்ணுக்குப் பதிலாகக் கருவி வந்தது. அதிவேகக் கமராக்களைக் கொண்டு பந்துவீச்சாளர் பலரையும் அளந்தார்கள். கண்டது என்ன? நேரான கையின் இலக்கணம் என்று போற்றப்பட்டவர்களின் முழங்கைகளும் ஓரளவு நிமிரவே செய்தன! பழைய சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினால் குற்றவாளிகள் அல்லாதோர் அருகிப்போவர். ஆகவே 2005 முதல் எல்லோருக்கும் பொதுவாகப் பதினைந்து பாகை என்ற வரம்பு வகுக்கப்பட்டது. அதற்கு முன் வேகப்பந்துக்கு ஓரளவு, சுழற்பந்துக்கு அதைவிடக் குறைந்த அளவு என்று பாகுபாடு இருந்தது. 2010-இல் காலியில் தமது எண்ணூறாவது விக்கெட்டுடன் முரளிதரன் டெஸ்ட் களத்திலிருந்து விடைபெற்றார்.

இதனை வெறும் நிறவெறி விவகாரமாகச் சுருக்குவாரும் உளர். அது முழு உண்மையாகாது. 1963-இல் பிரிஸ்பேனில் இயன் மெக்கிஃப் என்ற வெள்ளை அவுஸ்திரேலியர், தம் சொந்த நாட்டு நடுவரால் எறிபவர் என அறிவிக்கப்பட்டு, அந்தப் போட்டியுடனேயே ஆட்டத்தைத் துறந்தார். அவரை அளந்து பார்க்க அன்று கருவி இருக்கவில்லை. பழக்கத்துக்கு அடிமைப்பட்ட கண் எவரையும் பலிகொள்ளும்; வலிமையற்றவரை எளிதாகப் பலிகொள்ளும் என்பதே பொருத்தமான முடிவு.

அப்படியானால் சட்டமே வேண்டாமா என்று கேட்கக்கூடும். அவ்வாறு கூறுவது அராஜகம். வரம்பில்லாத வயலில் நீர் நில்லாது. விதியில்லாத ஆட்டத்தில் வலியவனே வெல்வான். 2014-இல் பாகிஸ்தானின் சயீட் அஜ்மலும் இலங்கையின் சச்சித்திர சேனநாயக்கவும் பரிசோதிக்கப்பட்டு, வரம்பை மீறியதாகக் கண்டு தடுக்கப்பட்டனர். அளந்த பின்னரே தடுத்தார்கள், அதுவே முறை. மறுபுறம், சட்டத்துக்கு உட்பட்டது யாவும் நேர்மையானதென்றும் சொல்வதற்கில்லை. 1981-இல் நியூசிலாந்து சமநிலைக்காக ஆறு ஓட்டம் எடுக்கவேண்டிய கடைசிப் பந்தை, அவுஸ்திரேலியாவின் ட்ரெவர் சப்பல், தமையனாரான அணித்தலைவரின் கட்டளைப்படி தரையில் உருட்டிவிட்டார். அன்றைய சட்டம் அதனை அனுமதித்தது. மனச்சாட்சியுள்ளோர் நாணினர். சட்டமும் நியாயமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நடக்கவேண்டிய இரட்டை மாடுகள். ஒன்று நின்றுவிட்டால் வண்டி குடைசாயும்.

இனி, முதியவர்களின் பெருமூச்சுக்கு வருவோம். அவர்களது குறையில் உண்மை உண்டு, காரணந்தான் தவறு. 1998-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் முரளிதரன் 683 பந்துகள் வீசிப் பதினாறு விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். இன்றைய ரி-20 ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளருக்கு உரியவை இருபத்துநான்கு பந்துகள் மட்டுமே. துடுப்பாட்டக்காரனை வலையிலிட்டு, பொறுமையாக இழுத்து, வீழ்த்தும் கலைக்கு அங்கே நேரமில்லை. எல்லைக்கோட்டை உள்ளே இழுத்துக் கட்டுகிறார்கள். பந்துவீச்சாளர் கோட்டை மிதித்தால், அடுத்த பந்தைத் துடுப்பாட்டக்காரர் பயமின்றி அடிக்கலாம் என்று சலுகை தருகிறார்கள். ஆறு ஓட்டங்கள் பறந்தால்தான் விளம்பரம் விற்கும். 2008-இல் தொடங்கிய இந்தியன் பிரீமியர் லீக்கில் ஆட்டக்காரர் ஏலத்தில் விலைபோகின்றனர். அன்று கனவான் விதித்தான். இன்று சந்தை விதிக்கின்றது. இளைஞர் சோம்பிவிட்டதால் பந்துவீச்சு மாறவில்லை; அவர்களது உழைப்பின் நிபந்தனைகள் மாறியதால் மாறிற்று. அந்த நெருக்கடிக்குள்ளும் வேகம் குறைத்த பந்து, காலடியில் இறங்கும் யோக்கர் என்று புதிய நுட்பங்களை அவர்கள் படைத்திருப்பதை மறந்துவிடலாகாது.

இந்தச் சிந்தனை யாவும் வன்னிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. எறிகணையால் சிதைந்து, முழுதாக நிமிராத கைகள் இந்த மண்ணில் எத்தனையோ உள்ளன. கண்ணுக்குத் தெரியாத காயத்தால் நிமிராத உள்ளங்கள் அதனினும் பல. மற்றவர்களைப் போல எழுதாத, பேசாத, நடவாத பிள்ளைகளும் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் நமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டதும் "இது கோணல், திருத்து" என்ற சொல்லே ஆசிரியரின் நாவில் முதலில் எழுகின்றது.

காலிக்கு அண்மையிலுள்ள ரத்கம ஊரில், கடற்கரையில் டென்னிஸ் பந்தை வீசிப் பழகிய லசித் மாலிங்க, தோளுக்கு மேலே அல்லாமல் பக்கவாட்டில் கையைச் சுழற்றி வீசினார். பயிற்சி நூல்கள் எவையும் காட்டாத வீச்சு அது. அவரைக் கண்டெடுத்த முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க அந்தக் கையைத் திருத்த முனையவில்லை. அந்த வீச்சையே வலுப்படுத்தினார். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவின் நான்கு விக்கெட்டுகளை நான்கு தொடர் பந்துகளில் மாலிங்க வீழ்த்தினார். அன்று அவரது கையை நூலுக்கேற்ப நேராக்கியிருந்தால், இலங்கை ஒரு சாதாரணப் பந்துவீச்சாளரைப் பெற்றிருக்கும், மாலிங்கவை இழந்திருக்கும்.

திருத்துவது ஆசிரியரின் கடமைதான். ஆனால் திருத்துவதற்கு முன் அளந்து பார்ப்பது அதனினும் முந்திய கடமை. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றா? அதனைச் செய்தவர் யார்? அதனால் நன்மை பெறுபவர் யார்? இம்மூன்றையும் கேளாமல் ஒரு மாணவனைக் கோணல் என்று சொல்ல எந்தப் பள்ளிக்கும் உரிமையில்லை. இவற்றைக் கேட்கும்படி மாணவரைப் பழக்குவது, நேரான கையோடு பந்து வீசக் கற்பிப்பதைவிட மேலான கல்வி.